இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது?

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி அமைவதில்லை. ஆகவே, இரு சாராருக்கும் பயன்படக்கூடிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சிற்றூரின் புவியியலையும் வரலாற்றையும் சேர்த்துப் படிப்பது எப்படி, வகுப்பில் சேர்த்துச் சொல்வது எப்படி என்பதுதான் அந்தப் பொருள்.

நம் பாடநூலில் இவை இரண்டும் தனித்தனிப் பகுதிகளாக இருக்கின்றன. வரலாற்றுப் பகுதியில் அரசர்கள், போர்கள், ஆண்டுகள். புவியியல் பகுதியில் பாறைகள், மண் வகைகள், ஆறுகள். பாடம் நடத்தும் வசதிக்காகப் பிரித்தது அது. ஆனால் பிள்ளைகள் மனத்தில் அந்தப் பிரிவு சுவராகவே நின்றுவிடுகிறது. மாக்மாவிலிருந்து உருவான தீப்பாறை என்று ஒரு வாரம் படிக்கிறார்கள். மறு வாரம் ரோமானியர்களுடன் தமிழர் வணிகம் செய்தனர் என்று படிக்கிறார்கள். முதலில் சொன்ன பாறைக்கும் அடுத்துச் சொன்ன வணிகத்துக்கும் தொடர்பு உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளிடம் "உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள்" என்று தாள் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் நான்கு வரி எழுதுவார்கள். ஊரில் ஒரு கோயில் உண்டு, ஒரு பள்ளி உண்டு, பேருந்து வரும், விவசாயம் நடக்கிறது. அவ்வளவுதான். "எங்க ஊர்ல ஒண்ணும் இல்லீங்க சார்" என்ற பேச்சை ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தஞ்சாவூருக்கு வரலாறு உண்டு, மதுரைக்கு உண்டு, தன் ஊருக்கு இல்லை என்று பத்து வயதிலேயே ஒரு குழந்தை முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவு வரலாற்று மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. தன் ஊரைப் பற்றி, தன் பெற்றோர் செய்யும் வேலையைப் பற்றி அந்தக் குழந்தை என்ன நினைக்கிறது என்பது வரைக்கும் அது போகிறது.

இதை மாற்றுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரே ஒரு கேள்வி போதும். "இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது?" ஐந்து கிலோமீட்டர் வடக்கே இல்லாமல், பத்து கிலோமீட்டர் தெற்கே இல்லாமல், ஏன் இந்த இடத்தில்? இந்தக் கேள்விக்கு வரலாறு மட்டும் படித்தவரால் பதில் சொல்ல முடியாது, புவியியல் மட்டும் படித்தவராலும் முடியாது. இரண்டும் சேர்ந்தால்தான் பதில் கிடைக்கும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கொடுமணலை எடுத்துக்கொள்கிறேன்.

வரைபடத்தில் ஒரு புள்ளி

கொடுமணல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில், நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கிற சிற்றூர். கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் சென்னிமலை. ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் காங்கயம் வட்டாரம். பாடநூல்களில் சங்ககாலப் பாடத்தில் இந்தப் பெயர் ஓரிரு வரியில் வந்துபோகும். பொருந்தல், கீழடி, ஆதிச்சநல்லூர் என்ற பட்டியலில் ஒன்றாக அதைப் படித்து மனப்பாடம் செய்துவிட்டுப் பிள்ளைகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

ஊருக்குள் போய்ப் பார்த்தாலும் கண்ணில் படுவது சாதாரணக் கொங்கு நாட்டுக் கிராமம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி என்பதால் மழை குறைவு. வடகிழக்குப் பருவமழையை நம்பிய காட்டு வெள்ளாமை. கொங்கு நாட்டில் "காடு" என்றால் வனம் என்று பொருள் இல்லை. மழையை நம்பி விதைக்கிற நிலத்துக்குக் காடு என்று பெயர். கிணற்றுப் பாசனம் இருந்தால் அது தோட்டம். வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தால் வயல். வேளாண்மைப் பாடத்தில் பாசன வகைகள் என்று ஒரு பக்கம் நடத்துகிறோமே, அதைக் கொங்கு நாட்டு விவசாயி மூன்று சொற்களில் வைத்திருக்கிறார். நொய்யலுக்குத் தெற்கே காங்கயம் பக்கம் போனால் கிளுவை முள்வேலி போட்ட கொறங்காடுகளைப் பார்க்கலாம். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கிற மேய்ச்சல் நிலம் அது. காங்கயம் மாடு வளர்ந்த இடம் அதுதான். வறண்ட நிலத்தில் பயிரோடு கால்நடையையும் நம்பி வாழ மனிதர்கள் கண்டுபிடித்த வழி.

இந்த வறண்ட இடத்தில், ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய தொழிற்கூட ஊர் இருந்திருக்கிறது. அது ஏன் இங்கே அமைந்தது?

மண்ணுக்கடியில் இருந்து வந்த பதில்

பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய 67ஆம் பாட்டிலும், அரிசில்கிழார் பாடிய 74ஆம் பாட்டிலும் "கொடுமணம்" என்ற ஊர் வருகிறது. இரண்டு இடத்திலும் நல்ல அணிகலன்களோடு சேர்த்தே அந்தப் பெயர் சொல்லப்படுகிறது. அந்தக் கொடுமணம்தான் இன்றைய கொடுமணல் என்று அறிஞர்கள் கருதினார்கள். கருதினால் மட்டும் போதாது, சான்று வேண்டும். 1985இல் தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்தது. பேராசிரியர்கள் எ.சுப்பராயலு, கா.ராஜன் போன்றோர் அதில் ஈடுபட்டார்கள். பின்னர்த் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையும், 2012, 2013ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகமும் அகழாய்வு நடத்தின.

என்ன கிடைத்தது? அழகாக முடித்த மணிகள் கிடைத்தன. அவற்றைவிட முக்கியமாக, முடிக்காத மணிகள் கிடைத்தன. பாதி தீட்டியவை, துளை போடும்போது உடைந்தவை, செதுக்கி எறிந்த சில்லுகள். வகுப்பில் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். "ஒரு வீட்டில் தைத்த சட்டை மட்டும் இருந்தால் அது யார் வீடு? வெட்டிப்போட்ட துணித் துண்டும் நூலும் தரையெல்லாம் கிடந்தால் அது யார் வீடு?" என்று கேளுங்கள். நான்காம் வகுப்புக் குழந்தைகூட "டெய்லர் வீடு" என்று சொல்லிவிடும். தொல்லியலாளர் செய்வதும் இதே யோசனைதான். முடித்த மணி மட்டும் கிடைத்திருந்தால் அது வேறெங்கிருந்தோ வந்ததாக இருக்கலாம். கழிவு கிடைத்தால் வேலை அங்கேயே நடந்திருக்கிறது என்று பொருள்.

இப்போது புவியியல் பாடத்துக்கு வருவோம். அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன? வெங்கச்சங்கல் என்று ஊரில் சொல்கிற குவார்ட்ஸ் இந்தப் பகுதியின் நிலத்திலேயே கிடைக்கும். நீலப்பச்சை நிறம் கொண்ட பெரில் என்ற மணிக்கல் காங்கயத்துக்கு அருகில் உள்ள படியூரில் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் காலத்திலும் அங்கே அந்தக் கல்லை வெட்டி எடுத்திருக்கிறார்கள். நீலக்கல்லும் அதன் இனமான குருந்தமும் சிவன்மலைப் பகுதியில் உண்டு. இரும்புத் தாது சென்னிமலையில் உண்டு. வரைபடத்தில் கொடுமணலை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் நடந்து சேர்ந்துவிடும் தொலைவுக்குள் இவை எல்லாம் இருக்கின்றன. நடுவில் தண்ணீருக்கு ஓர் ஆறு. கல்லைத் தீட்டவும் தண்ணீர் வேண்டும், இரும்பு வேலைக்கும் வேண்டும், குடிக்கவும் வேண்டும்.

அறிவியல் ஆசிரியரையும் இந்தப் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. பெரிலுக்கு 7.5 முதல் 8. குருந்தத்துக்கு 9. அதற்கு மேல் 10இல் வைரம் ஒன்றுதான். ஒரு கல்லைத் தீட்ட வேண்டுமென்றால் அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். அந்தப் பொருள் சிவன்மலைப் பக்கத்து நிலத்திலேயே இருந்தது. "கொரண்டம்" என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, அந்தச் சொல்லே நம் "குருந்தம்" என்ற சொல்லிலிருந்து போனதுதான். ஒரு வெங்கச்சங்கல்லை எடுத்துப் பழைய கண்ணாடித் துண்டின் மீது ஆசிரியரே கீறிக் காட்டலாம், கோடு விழும். அதே கல்லின் மீது இரும்பு ஆணியால் கீறினால் கல்லில் பள்ளம் விழாது. ஐந்து நிமிடச் சோதனைதான். தீப்பாறைப் பாடமும் சங்ககாலப் பாடமும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றாகிவிடும்.

இரும்பை உருக்கிய உலைகளும், உலைக்குக் காற்று ஊதப் பயன்பட்ட சுடுமண் குழாய்களும், மூசைகளும் கொடுமணலில் கிடைத்திருக்கின்றன. எஃகு செய்யும் நுட்பம் இங்கே தெரிந்திருந்தது என்பதற்கு அவை சான்று. நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்திருக்கின்றன. ஆக, கல், இரும்பு, நூல் என்று பல தொழில்கள் ஓரிடத்தில் நடந்திருக்கின்றன.

மலையில் ஒரு வாசல்

மூலப்பொருள் இருந்தால் மட்டும் தொழில் வளர்ந்துவிடாது. வாங்க ஆள் வேண்டும். இங்கே மீண்டும் வரைபடத்தை எடுங்கள், இந்த முறை மாநில வரைபடம்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கு வடக்காக நீண்ட ஒரு மதில்போல் நிற்கிறது. அந்த மதிலில் ஓர் அகலமான வாசல் இருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். மேலைக் கடற்கரையில் முசிறித் துறைமுகத்தில் இறங்கிய வணிகர்கள் கிழக்கே வர வேண்டுமானால் மலை ஏறி இறங்காமல் இந்த வாசல் வழியாக வரலாம். வாசலைத் தாண்டியதும் நொய்யல் பள்ளத்தாக்கு கைகாட்டிபோல் கிழக்கே நீள்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் பேரூர், வெள்ளலூர், திருப்பூர், கொடுமணல் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் சேர்கிறது. கரூர் சேரர்களின் தலைநகரம். அங்கிருந்து காவிரி வழியே போனால் புகார். வெள்ளலூரிலும் கரூரிலும் ரோமானிய நாணயங்கள் கிடைத்ததற்கு இந்த வழியே காரணம். பெரில் மணிக்கல் இந்தியாவில்தான் அதிகம் கிடைக்கிறது என்று ரோம நாட்டு ஆசிரியர் ப்ளினி பொ.ஆ. முதல் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார்.

கொடுமணல் இந்த வழியின் மேல் உட்கார்ந்திருந்தது. அதனால் பொருள் வெளியே மட்டும் போகவில்லை, உள்ளேயும் வந்தது. சூதுபவளம் என்ற செந்நிறக் கல் இந்தப் பகுதியில் கிடைப்பது இல்லை. குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அடர்நீல நிறம் கொண்ட லாபிஸ் லசூலி ஆப்கானிஸ்தானத்தில் கிடைப்பது. இவை கொடுமணலில் கிடைத்திருக்கின்றன. ஒரே ஓர் ஈமக் குழியில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் எடுக்கப்பட்டன. இந்த எண்ணிக்கையைச் சொன்னதும் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். பிளக்கட்டும். அதன் பிறகு கேள்வியைப் போடுங்கள்: "இந்தக் கல் நடந்து வந்த வழியை வரைபடத்தில் வரை." ஒரு மணியின் பயணத்தை வரைந்த பிள்ளைக்கு இந்தியாவின் இயற்கை அமைப்பு தானாகவே மனத்தில் பதியும்.

இன்றைக்கும் கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகிற ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் அதே வாசல் வழியாகத்தான் போகின்றன. நம் பிள்ளைகள் பலர் அந்த ரயிலில் போயிருப்பார்கள். மலை இங்கே மட்டும் ஏன் விலகி நிற்கிறது என்று சன்னல் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

பானையில் பெயர் எழுதியவர்கள்

இதுவரை கல்லையும் வழியையும் பார்த்தோம். இனி மனிதர்கள்.

கொடுமணலில் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அரசன் ஆணையிட்டுச் சிற்பி வெட்டிய கல்வெட்டுகள் அல்ல அவை. புழங்கிய பானைகளில் ஆட்கள் கீறிக்கொண்ட பெயர்கள். கண்ணன் ஆதன் என்று ஒரு பெயர். பண்ணன் என்று ஒரு பெயர். விஸாகீ என்று வடபுலத்துச் சாயல் கொண்ட ஒரு பெயர். வணிகக் குழுவைக் குறிக்கும் "நிகம" என்ற சொல்லும் ஓர் ஓட்டில் இருக்கிறது. அதாவது, வெளியூர் ஆட்களும் வந்து தங்கிப்போன ஊர் அது. அகழாய்வில் எடுத்த கரித்துண்டுகளின் காலத்தைக் கணக்கிட்டபோது இந்த ஊரின் வாழ்வு பொ.ஆ.மு. 5, 4ஆம் நூற்றாண்டு அளவுக்குப் பின்னால் போகிறது என்று தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் சத்துணவுத் தட்டில் தன் பெயரை ஆணியால் கீறி வைத்திருக்கிற பையனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணன் ஆதன் செய்ததும் அதுதான். இதை ஒரு பிள்ளைக்குப் புரியவைத்துவிட்டால் வரலாறு என்பது அரசர்களின் பட்டியல் என்ற எண்ணம் கழன்றுவிடும். எழுதத் தெரிந்த சாதாரண மனிதர்கள் இந்தச் சிற்றூரில் அன்றைக்கே இருந்தார்கள் என்பது பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடிய பெரிய செய்தி.

கொடுமணலிலிருந்து வெகுதொலைவில் இல்லாத அறச்சலூர் நாகமலைக் குகையில் இசை தொடர்பான கல்வெட்டு ஒன்று உண்டு. அதில் வரும் தேவன் சாத்தன் என்பவர் "மணிய வண்ணக்கன்" என்று குறிக்கப்படுகிறார். வண்ணக்கன் என்றால் மணியையோ நாணயத்தையோ தரம் பார்ப்பவர். காலத்தால் கொடுமணலின் செழிப்புக்குப் பிந்திய கல்வெட்டுதான். ஆனாலும் இந்த வட்டாரத்தில் மணிக்கல் தொழில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு அது ஒரு சான்று. கரூர், காங்கயம் வட்டாரம் இன்றும் மணிக்கற்களுக்குப் பெயர் பெற்றதாகவே இருக்கிறது.

ஊருக்கு வெளியே கல்வட்டங்களும், பலகைக் கற்களால் பெட்டிபோல் அமைத்த கற்பதுக்கைகளும், உயர்ந்த குத்துக்கற்களும் கொண்ட ஈமக்காடு இருக்கிறது. கொடுமணலில் மட்டுமல்ல, கொங்கு நாட்டில் பல ஊர்களில் இப்படிக் கல்வட்டங்கள் உண்டு. உழவுக்கு இடைஞ்சல் என்று பெயர்த்துப் போட்டவை பல. வீட்டு அடித்தளத்துக்கும் வேலிக்கும் போனவை பல. கல் குவாரிக்குள் போய்விட்டவையும் உண்டு. அந்தக் கல் என்ன என்று தெரியாததால் நடந்தது அது. இன்று நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைதான் நாளை அந்த நிலத்தின் சொந்தக்காரர், டிராக்டர் ஓட்டுநர், ஊராட்சித் தலைவர். அவருக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கல் நிற்கும்.

ஆறு சொல்லும் மீதிக் கதை

ரோமானிய வணிகம் தளர்ந்தபோது கொடுமணலின் தொழிலும் தளர்ந்தது. தொழிலாளர்களும் வணிகர்களும் வேறு இடம் தேடிப் போனார்கள். மூலப்பொருள் அங்கேயே இருந்தது, வழியும் அங்கேயே இருந்தது, வாங்குபவர் மட்டும் இல்லாமல் போனார். தொலைதூரச் சந்தையை நம்பிய தொழிலுக்கு அந்தச் சந்தை சரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது பழைய பாடம். பத்தாம் வகுப்பில் பொருளியல் நடத்துகிறவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அதே நொய்யல் பள்ளத்தாக்கில் இன்றும் உலகச் சந்தைக்குப் பொருள் செய்யும் ஊர் ஒன்று இருக்கிறது, அதுதான் திருப்பூர். அது அன்றைய கொடுமணலின் நேரடித் தொடர்ச்சி என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். இடையில் இரண்டாயிரம் ஆண்டு கிடக்கிறது. ஆனால் "திருப்பூர் ஏன் அங்கே இருக்கிறது?" என்று அதே கேள்வியைக் கேட்கலாம். பருத்தி விளைந்த கரிசல், ரயில் பாதை, தறி ஓட்டத் தெரிந்த கைகள், மழை பொய்த்து வேலை தேடி வந்த விவசாயக் குடும்பங்கள் என்று பதில்கள் வரும். நம் பிள்ளைகளில் பலருடைய அப்பாவும் அம்மாவும் அங்கேதான் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் வேலையும் பாடத்துக்குள் வரட்டும்.

கூடவே ஆற்றின் கதையும் வர வேண்டும். கொடுமணலுக்கு அருகில் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக ஓர் அணை கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவு தேங்கும் இடமாக அது மாறியது. அணையைத் திறங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. கிணற்று நீர் உப்பானது. வழக்கு நடந்தது. கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆலைகள் மூடியபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இல்லாமல் தவித்தார்கள். அதன் பின் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் நிலையங்களோடு தொழில் மீண்டும் எழுந்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வகுப்பில் விவசாயி பிள்ளையும் இருக்கும், சாயத் தொழிலாளி பிள்ளையும் இருக்கும். இரண்டு பேரும் தங்கள் வீட்டில் கேட்டு வந்து சொல்லட்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கட்டும். ஓர் ஊர் உருவாவதற்குக் காரணமாக இருந்த ஆற்றை அந்த வட்டாரம் எப்படி வைத்துக்கொள்ளப் போகிறது என்ற கேள்வி அந்தப் பிள்ளைகளின் கையில்தான் இருக்கிறது.

உங்கள் ஊரில் எப்படித் தொடங்குவது?

"கொடுமணலுக்கு அகழாய்வு நடந்தது. எங்கள் ஊருக்கு அப்படி எதுவும் இல்லையே?" என்று கேட்பீர்கள். அகழாய்வு நடக்காத ஊர்களில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். நானும் உடன் பணியாற்றிய ஆசிரியர்களும் வகுப்பில் செய்து பார்த்தவை இவை.

மூன்று, நான்காம் வகுப்புகளுக்குப் பெயர்களில் தொடங்குங்கள். ஊர்ப் பெயர், பக்கத்து ஊர்ப் பெயர், தெருப் பெயர், காட்டின் பெயர், கிணற்றின் பெயர். பாளையம், பட்டி, புதூர், வலசு, துறை, ஏரி என்று முடிவதையெல்லாம் பட்டியல் போடச் சொல்லுங்கள். துறை என்று முடிகிற ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறதா? புதூர் என்றால் பழைய ஊர் எது? பெயருக்குக் கதை சொல்லப் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கதையைக் கதை என்றே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்குத் தண்ணீரைக் கொடுங்கள். ஊரில் மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? எந்தக் குளத்தில் தேங்குகிறது? குளம் நிரம்பினால் அடுத்து எங்கே போகிறது? மழை நாளுக்கு மறுநாள் பிள்ளைகளைப் பாதுகாப்பாக அழைத்துக்கொண்டு நடந்தால் நிலச்சரிவு, வடிகால், ஏரிச் சங்கிலி எல்லாம் காலடியில் தெரியும். பழைய தெருக்கள் மேட்டில் இருப்பதையும், பிறகு வந்த வீடுகள் பள்ளத்தில் இருப்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு மண்ணும் கல்லும். ஊரின் நான்கு பக்கத்திலிருந்தும் ஒரு கைப்பிடி மண் எடுத்து வந்து தாளில் பரப்பட்டும். எந்த மண்ணில் என்ன விளைகிறது என்று வீட்டில் கேட்டு எழுதட்டும். கருப்பு மண்ணும் செம்மண்ணும் ஒரே ஊரில் இருந்தால், எந்த மண்ணில் வீடு கட்டினார்கள், எந்த மண்ணை வெள்ளாமைக்கு விட்டார்கள் என்று பார்க்கட்டும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆவணங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும் அ-பதிவேடும் இருக்கும். கேட்டால் காட்டுவார்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாளில் தங்கள் ஊரைக் கண்டுபிடித்துச் சமஉயரக் கோடுகளைப் படிக்கச் சொல்லுங்கள். தேர்வில் எவரெஸ்டின் உயரம் கேட்பார்கள், எழுதட்டும். தன் ஊர் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதும் ஒரு தடவை தெரிந்துகொள்ளட்டும்.

எல்லா வகுப்புக்கும் பொதுவாக ஒன்று உண்டு. ஊரின் வரலாற்றைக் கேட்கப் போகும்போது ஒரே தெருவுக்குப் போகாதீர்கள். கோயில் தர்மகர்த்தாவும் பெரிய தோட்டக்காரரும் சொல்வது ஊர் வரலாற்றில் ஒரு பகுதி. மண்பாண்டம் செய்தவர், துணி வெளுத்தவர், தோல் வேலை செய்தவர், கிணறு வெட்டியவர், ஏற்றம் இறைத்தவர், நாற்று நட்ட பெண்கள், ஆடு மேய்த்தவர் ஆகியோர் சொல்வதும் சேர்ந்தால்தான் ஊர் முழுதாகும். வகுப்பில் எந்தக் குழந்தையும் "என் தாத்தா இதில் எங்கே?" என்று நினைத்துத் தலைகுனியும்படி ஊர் வரலாறு எழுதப்படக் கூடாது. கொடுமணலில் நமக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி கைவேலை செய்தவர்கள் விட்டுச்சென்றதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, பெருமைக்காகச் சான்றை மிஞ்சிப் பேசாதீர்கள். உலகிலேயே பழமையானது, உலகிலேயே பெரியது என்று சொல்லத் தொடங்கினால் பிள்ளைகள் கைதட்டுவார்கள், ஆனால் ஆராயக் கற்றுக்கொள்ளமாட்டார்கள். கிடைத்த பொருள் எது, அதிலிருந்து நாம் ஊகிப்பது எது என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். முடிக்காத மணி என்பது கிடைத்த பொருள். இங்கே பட்டறை இருந்தது என்பது ஊகம். நல்ல சான்றோடு கூடிய ஊகம். இந்த வேறுபாடு புரிந்த பிள்ளை நாளைக்குக் கைப்பேசியில் வருகிற செய்தியையும் அப்படித்தான் படிக்கும்.

இரண்டாவது, தொன்மையான இடத்துக்கு அழைத்துப்போனால் எதையும் பொறுக்கி எடுத்துவர விடாதீர்கள். பள்ளிக் கண்காட்சிக்கு என்று நல்லெண்ணத்தில்தான் செய்வார்கள். ஆனால் ஓர் ஓடு எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் அதன் உயிர். இடம் மாறிவிட்டால் அது வெறும் ஓடு. நோட்டில் வரையட்டும், படம் எடுக்கட்டும், அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். பழம்பொருளோ காசோ தற்செயலாகக் கிடைத்தால் வருவாய்த் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் அதைத்தான் சொல்கிறது. தலைமையாசிரியர் மூலம் வட்டாட்சியருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

மூன்றாவது, இதைக் கூடுதல் சுமையாக ஆக்கிக்கொள்ளாதீர்கள். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி எனக்குத் தெரியும். தனியாக ஒரு திட்டம், தனியாக ஒரு பதிவேடு என்று வேண்டாம். பாறைகள் பாடம் வரும்போது உள்ளூர்க் கல் ஒன்று மேசையில் இருக்கட்டும். சங்ககாலப் பாடம் வரும்போது மாவட்ட வரைபடம் சுவரில் தொங்கட்டும். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம், "இது ஏன் இங்கே?" என்று ஒரு கேள்வி. ஓராண்டில் நாற்பது கேள்விகள் சேர்ந்துவிடும். அவற்றுக்குப் பிள்ளைகள் எழுதிய பதில்களைத் தைத்து வைத்தால் அதுவே உங்கள் ஊரின் முதல் நூல். அடுத்த ஆண்டு வகுப்பு அதில் இன்னும் சில பக்கங்கள் சேர்க்கும். முந்தைய வகுப்பு எழுதியதில் தப்பிருந்தால் திருத்தவும் செய்யும்.

மதிய உணவுக்குப் பிறகு குழுவாகப் பிரிந்து உட்காரப் போகிறோம். ஒவ்வொருவரும் உங்கள் பள்ளி இருக்கும் ஊரை ஒரு தாளில் நினைவிலிருந்தே வரையுங்கள். ஆறு அல்லது ஓடை, மேடு, பள்ளம், பழைய தெரு, புதிய தெரு, சாலை, கிணறு. வரைந்து முடித்ததும் அடியில் ஒரு வரி எழுதுங்கள்: இந்த ஊர் இங்கே இருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது. எழுத வராத இடத்தைக் காலியாக விடுங்கள். நாளை பள்ளிக்குப் போனதும் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அந்தக் காலி இடத்தில் இருக்கும்.